8 ஜிபியா, 16 ஜிபியா? கிராபிக்ஸ் கார்டு நினைவகம் பற்றி ஒரு மாணவருக்குப் பதில்

கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் ரைசன் 5 3600, பி450 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, 24 அங்குல 1080பி மானிட்டர் இருக்கின்றன. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டு வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். 8 ஜிபி வாங்குவதா, 16 ஜிபி வாங்குவதா என்பதில்தான் குழப்பம். 1080பி மானிட்டருக்கு 8 ஜிபியே தாராளம் என்கிறார் அண்ணன். நினைவகம் கூடினால் வேகமும் கூடும் என்கிறார் கடைக்காரர். யார் சொல்வது சரி?"

இருவர் சொல்வதிலும் பாதி சரி, தம்பி. முதலில் கடைக்காரரைப் பார்த்துவிடுவோம், அது சுலபம்.

2014-இல் வந்த ஜிடி 730 என்ற கார்டு 4 ஜிபி நினைவகத்தோடும் விற்றது. பெட்டியில் கார்டின் பெயரை விட '4 ஜிபி' என்ற எழுத்துதான் பெரிதாகத் தெரியும். உங்கள் 1650-இலும் 4 ஜிபிதான். ஆனால் ஜிடி 730-இன் 64 பிட் டிடிஆர்3 வகை, நினைவகத்திலிருந்து நொடிக்கு 14.4 ஜிபி மட்டுமே எடுக்க வல்லது. 1650-இன் ஜிடிடிஆர்5 வகை நொடிக்கு 128 ஜிபி எடுக்கும். சிப்பின் பலத்திலும் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆகவே ஜிபி எண்ணிக்கையை வைத்து வேகத்தை அளப்பது, அண்டாவின் அளவை வைத்து சாம்பாரின் ருசியைச் சொல்வது போலத்தான்.

அப்படியானால் அந்த நினைவகம் எதற்கு? ஒரு கல்யாண வீட்டுச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டரின் கை எட்டும் மேடையில் இருப்பதுதான் கார்டின் நினைவகம். விரேம் (VRAM) என்று சொல்வது அதைத்தான். பின்கட்டில் இருக்கும் ஸ்டோர் ரூம் உங்கள் 16 ஜிபி ரேம். தெருமுனை மளிகைக் கடை எஸ்எஸ்டி. மேடையை அகலப்படுத்தினால் மாஸ்டரின் கை வேகமாகிவிடாது. ஆனால் மேடையில் இடமில்லை என்று பருப்பை ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டு, ஒவ்வொரு கரண்டிக்கும் ஆள் அனுப்பினால், எத்தனை கைதேர்ந்த மாஸ்டராக இருந்தாலும் பந்தி நின்றுபோகும்.

ஸ்டோர் ரூமுக்குப் போகும் வழி எவ்வளவு குறுகல் என்பதைக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். 5060 டிஐ தன் சொந்த நினைவகத்திலிருந்து நொடிக்கு 448 ஜிபி எடுக்கும். அது நிரம்பி, மிச்சத்தை ரேமிலிருந்து எடுக்க வேண்டி வந்தால், மதர்போர்டின் பிசிஐஇ ஸ்லாட் வழியாகத்தான் வந்தாக வேண்டும். இந்தக் கார்டில் தரவு போய்வர இருப்பது எட்டுத் தடம் மட்டும். புதிய பிசிஐஇ 5.0 போர்டில் எட்டுத் தடத்துக்கு நொடிக்குச் சுமார் 32 ஜிபி கிடைக்கும். உங்கள் பி450 போர்டு பிசிஐஇ 3.0. அதில் அதே எட்டுத் தடத்துக்குக் கிடைப்பது சுமார் 8 ஜிபிதான். 448 எங்கே, 8 எங்கே! கார்டு வாங்கும்போது பெரும்பாலோர் இதைக் கவனிப்பதில்லை: குறைந்த நினைவகக் கார்டு பழைய போர்டில்தான் அதிகமாகத் தடுமாறும். புதிய போர்டில் சமாளித்துவிடும் அதே விளையாட்டு, உங்கள் பெட்டியில் திக்கித் திக்கி ஓடலாம்.

இப்போது அண்ணன் சொன்னது. மானிட்டர் சிறியது, ஆகவே நினைவகமும் குறைவாகப் போதும் என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. 1080பி திரையில் 20.7 லட்சம் பிக்சல்கள். பிக்சலுக்கு நான்கு பைட் என்றால், திரையில் தெரியும் படத்துக்கு வேண்டியது 8 எம்பி. 4கே திரைக்கு 32 எம்பி. விளையாட்டு ஒரு படத்தை உருவாக்க ஆழம், ஒளி, முந்தைய ஃபிரேம் (சற்று முன் திரையில் காட்டிய படம்) என்று இப்படிப் பல அடுக்குகளை வைத்துக்கொள்ளும் என்பதால், மொத்தம் நூற்றுக்கணக்கான எம்பி ஆகும். 4கே-யில் ஒரு ஜிபியையும் தாண்டும். ஆனாலும் 8 ஜிபியை நிரப்புவது திரை இல்லை.

நிரப்புவது டெக்ஸ்சர். சுவரின் காரை, கதவின் மரவரி, சட்டையின் நூல் என்று விளையாட்டில் எல்லாப் பரப்பின் மேலும் போர்த்தப்பட்டிருக்கும் படங்கள். பக்கத்துக்கு 4096 பிக்சல் உள்ள ஒரு டெக்ஸ்சரை எடுத்துக்கொள்வோம். ஒரு கோடியே 67 லட்சம் பிக்சல்கள். சுருக்காமல் வைத்தால் 64 எம்பி. கார்டுக்குப் புரியும் முறையில் நான்கில் ஒரு பங்காகச் சுருக்கினால் 16 எம்பி. தொலைவில் தெரியும்போது பயன்படுத்த அதன் சிறிய பிரதிகளும் கூடவே இருக்க வேண்டும், அதற்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ஆக 21 எம்பி. ஒரு சுவருக்கு நிறம் மட்டும் போதாது. மேடுபள்ளத்துக்கு ஒன்று, பளபளப்புக்கு ஒன்று என்று மூன்று அடுக்கு. சுமார் 64 எம்பி. ஒரே ஒரு சுவருக்கு! இப்படி நூறு பொருள்கள் கண் முன்னே இருந்தால் 6 ஜிபிக்கு மேல் போய்விடும். இதற்குப் பிறகுதான் மனித உருவங்கள், நிழல்கள், ஒளிக்கதிர் போகும் பாதையைக் கணக்கிடும் ரே டிரேசிங்குக்காகக் கட்டப்படும் வடிவ அட்டவணை எல்லாம் வரவேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முழு அளவில் வைத்திருக்க முடியாது என்பதால், விளையாட்டு அருகில் இருப்பதைப் பெரிதாகவும் தொலைவில் இருப்பதைச் சிறிதாகவும் வைத்து, நீங்கள் நடக்க நடக்க மாற்றிக்கொண்டே வரும். பக்கத்துக்கு 4096 என்பதை 2048 ஆக்கினால் இடம் பாதியாவதில்லை, கால் பங்காகிவிடுகிறது. டெக்ஸ்சர் அமைப்பை ஒரு படி இறக்கினால் கார்டு திடீரென்று மூச்சுவிடுவதற்கு இந்தப் பெருக்கல்தான் காரணம். அதே அமைப்பு இடம் இருக்கும்வரை வேகத்தைக் கிட்டத்தட்டத் தொடுவதே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிழலையும் ரே டிரேசிங்கையும் கூட்டினால் ஒவ்வொரு படிக்கும் ஃபிரேம் கொஞ்சம் குறையும். டெக்ஸ்சரைக் கூட்டினால் ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது, பிறகு ஒரே அடியில் எல்லாம் சரிந்துவிடும்.

அந்தச் சரிவை நான் பார்த்தது என் அக்கா மகன் வீட்டில். 8 ஜிபி கார்டு, 1080பி திரை, அப்போது புதிதாக வந்திருந்த ஒரு திறந்தவெளி விளையாட்டு. வீட்டுக்குள் நடக்கும்போது நொடிக்கு 70 ஃபிரேமுக்குக் குறையவில்லை. கதவைத் திறந்து சந்தைத் தெருவில் கால் வைத்ததும் 25. எதிரே ஒரு கடைப் பலகை. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஈரத் துணியால் துடைத்துவிட்டது போல ஒரு கறை. நின்று பார்த்துக்கொண்டிருந்தால் பத்து நொடியில் எழுத்து தெளிந்தது. திரும்பி வேறு பக்கம் பார்த்துவிட்டு மறுபடி பார்த்தால் மீண்டும் கறை. அவன் ஒரு வாரமாக நிழலைக் குறைத்து, புல்லைக் குறைத்து, கடைசியில் பிராசஸர்தான் பழசு என்று தீர்மானித்து, புதிதாக ஒன்றுக்கு விலை விசாரிக்கத் தொடங்கியிருந்தான். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். அங்கே இரண்டு வரிகள் இருக்கும்: கார்டுக்கே உரிய நினைவகம் ஒன்று, ரேமிலிருந்து பகிர்ந்துகொண்டது மற்றொன்று. முதலாவது 8-ஐ ஏறக்குறைய எட்டி அசையாமல் நின்றது. இரண்டாவது, சந்தைக்குள் போகப் போக, 3 ஜிபியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. டெக்ஸ்சரை ஒரு படி இறக்கி, விளையாட்டை மூடித் திறந்தோம். மூடித் திறப்பது முக்கியம்; சில விளையாட்டுகள் பிடித்த இடத்தை ஓடிக்கொண்டிருக்கும்போது விடுவதில்லை. சந்தையிலும் 65-க்கு மேல் வந்துவிட்டது. பிராசஸர் இன்றும் அதேதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், அந்த முதல் வரியை மட்டும் வைத்துப் பயந்துவிடாதீர்கள். இடம் காலியாக இருந்தால் விளையாட்டு பிடித்து வைத்துக்கொள்ளும், தேவையோ இல்லையோ. 24 ஜிபி கார்டு வைத்திருப்பவர் '14 ஜிபி ஓடுகிறது' என்று படம் எடுத்துப் போடுவதைப் பார்த்து, அந்த விளையாட்டுக்கு 14 ஜிபி வேண்டும் என்று முடிவு கட்டுபவர்கள் ஏராளம். வீட்டில் பத்து நாற்காலி இருந்தால் நாலு பேர் வந்தாலும் பத்திலும் பை, துண்டு, செய்தித்தாள் என்று ஏதாவது கிடக்கும். பார்க்க வேண்டியது இரண்டாவது வரி. விளையாடும்போது அது விறுவிறுவென்று ஏறினால்தான் கார்டு உண்மையிலேயே போதவில்லை. அதோடு சராசரி ஃபிரேமைப் பார்க்காதீர்கள். மிகத் தாழ்ந்த 1 சதவீத ஃபிரேம்களைப் பாருங்கள். நினைவகக் குறை முதலில் தலைகாட்டுவது அங்கேதான்.

சரி, 8 ஜிபி இத்தனை நாள் போதுமாக இருந்ததே, இப்போது என்ன வந்தது? நியாயமான கேள்வி. 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1070-இலேயே 8 ஜிபி உண்டு. அதே ஆண்டு ஆர்எக்ஸ் 480-இலும் உண்டு. 2025-இல் வந்த 5060-இலும் 8 ஜிபிதான். ஒன்பது ஆண்டுகள் ஒரே எண்.

விளையாட்டு எழுதுபவர்கள் கணக்குப் போடுவது உங்கள் கணினியை வைத்து இல்லை, கன்சோலை வைத்து. 2013-இல் வந்த பிளேஸ்டேஷன் 4-இல் பிராசஸருக்கும் கிராபிக்ஸுக்கும் சேர்த்தே 8 ஜிபிதான். அதற்காக எழுதிய விளையாட்டு, 8 ஜிபியைத் தனியாகக் கார்டிலேயே வைத்திருக்கும் கணினியில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5-உம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்-உம் 16 ஜிபியுடன் வந்தன. சீரிஸ் எக்ஸ்-இல் விளையாட்டுக்குக் கிடைப்பது 13.5 ஜிபி; அதில் வேகமான பகுதி 10 ஜிபி. ஆனாலும் இரண்டு, மூன்று ஆண்டுகள் பழைய கன்சோலுக்கும் சேர்த்தே எழுதிக்கொண்டிருந்தார்கள். பழையதைக் கைவிட்ட விளையாட்டுகள் 2023-இல் வரிசையாக வந்தபோதுதான் 8 ஜிபிக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் கணினிக்கு வந்த 'த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' அப்படிப்பட்ட ஒன்று. வந்த நாளில் 8 ஜிபி கார்டில் டெக்ஸ்சரைக் குறைத்தால் சுவர்கள் களிமண் பூசியது போல இருந்தன. பிறகு வந்த திருத்தங்களில் நடுத்தர அமைப்பும் பார்க்கும்படியாக மாறியது. எழுதியவர்களின் அவசரமும் காரணமாக இருந்திருக்கிறது, கார்டு மட்டும் இல்லை என்பதற்கு அது சாட்சி.

8 ஜிபி கார்டுகளை இன்னும் காப்பாற்றிக்கொண்டிருப்பது, என் கணிப்பில், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ். அதில் மொத்தமே 10 ஜிபி. வேகமான பகுதி 8. அந்தச் சின்னப் பெட்டியிலும் ஓடியாக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கும்வரை, எந்த விளையாட்டிலும் 8 ஜிபிக்கு அடங்கும் ஒரு அமைப்பு இருந்தே தீரும். அந்த அமைப்பு உங்களுக்குப் பிடிக்குமா என்பது வேறு விஷயம்.

இந்தச் சண்டை புதிதும் இல்லை. 2014-இல் 'ஷேடோ ஆஃப் மோர்டார்' தன் உச்ச டெக்ஸ்சருக்கு 6 ஜிபி வேண்டும் என்று கேட்டபோது, அன்றைய உயர்ந்த கார்டுகளில் ஒன்றான ஜிடிஎக்ஸ் 980-இலேயே 4 ஜிபிதான் இருந்தது. அதே ஆண்டு வந்த ஜிடிஎக்ஸ் 970-இல் 4 ஜிபி என்று போட்டிருந்தாலும் கடைசி அரை ஜிபி மிக மெதுவான வழியில் இணைக்கப்பட்டிருந்தது தெரியவந்து, வழக்காகி, அமெரிக்காவில் வாங்கியவர்களுக்குக் கார்டுக்கு 30 டாலர் தருவதாக 2016-இல் சமரசம் ஆனது.

உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்தும் சான்று 2023-இன் 4060 டிஐ. ஒரே சிப், ஒரே நினைவக வேகம், 8 ஜிபி ஒன்று, 16 ஜிபி ஒன்று. இரட்டைப் பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது போல. பெரும்பாலான விளையாட்டுகளில் இரண்டும் ஒரே ஃபிரேம். இங்கே அண்ணன் ஜெயிக்கிறார். நினைவகம் நிரம்பும் விளையாட்டில் 8 ஜிபிக்காரர் திணற, 16 ஜிபிக்காரர் ஒன்றும் நடக்காதது போலப் போய்க்கொண்டிருப்பார். இங்கே கடைக்காரர், தவறான காரணத்தைச் சொல்லி, ஜெயிக்கிறார். அன்று இரண்டுக்கும் அறிவிப்பு விலையில் வித்தியாசம் 100 டாலர் (399, 499). நான் அப்போது 16 ஜிபியை யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை. 5060 டிஐ 2025 ஏப்ரலில் வந்தபோது அறிவிப்பு விலை 379-உம் 429-உம். வித்தியாசம் 50 டாலராகக் குறைந்தது. கணக்கு மாறிவிட்டது.

ஏன் 12 ஜிபியில் ஒரு 5060 டிஐ இல்லை என்று சிலர் கோபப்படுவார்கள். ஒவ்வொரு நினைவகச் சில்லுக்கும் 32 பிட் வழி வேண்டும். 128 பிட் கார்டில் நான்கு சில்லுதான் வைக்கலாம். சில்லுக்கு 2 ஜிபி, ஆக 8. பலகையின் பின்பக்கமும் நான்கு ஒட்டி, அதே வழியைப் பகிர்ந்துகொள்ள வைத்தால் 16. 12 வேண்டுமென்றால், சில்லுக்கு 3 ஜிபி வேண்டும், இல்லையென்றால் 192 பிட் வழி வேண்டும். இன்டெல் ஆர்க் பி580-உம் பழைய ஆர்டிஎக்ஸ் 3060-உம் 192 பிட் வழியில்தான் 12 ஜிபி கார்டுகள். கஞ்சத்தனம் சிப்பை வடிவமைக்கும்போதே, வழியை 128 பிட்டாக வெட்டியபோதே நடந்துவிட்டது.

இனி நீங்கள் விளையாடுவதைப் பொறுத்தது. வேலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 போன்றவை குறைந்தபட்சமாகக் கேட்பதே 1 ஜிபிதான். மாலை முழுக்க அவைதான் என்றால், உங்கள் 1650-ஐயே மாற்ற வேண்டியதில்லை. பழைய ஜிடிஏ 5-க்கும் நீங்கள் வைத்திருப்பது போதும். அதன் அமைப்புப் பக்கத்தின் மேலேயே எவ்வளவு நினைவகம் பிடிக்கும் என்று ஒரு கோடு காட்டும், ஒவ்வொன்றாகக் கூட்டிப் பாருங்கள், இதுவரை நான் சொன்னதெல்லாம் கண்ணெதிரே நடக்கும். புதிய பெரிய விளையாட்டுகள் என்றால் கதை வேறு. 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்' குறைந்தபட்சமே 8 ஜிபி கேட்டது, ரே டிரேசிங் வன்பொருளும் கட்டாயம். 2025 மேயில் வந்த 'டூம்: த டார்க் ஏஜஸ்'-உம் அப்படியே. குறைந்தபட்சம் என்று ஒருவர் எழுதிவிட்ட அளவை இன்று புதிதாகக் காசு கொடுத்து வாங்குவது எனக்கு உவப்பாக இல்லை. அதிலும் 5060 டிஐ-யின் விற்பனைக் கவர்ச்சியே ரே டிரேசிங்கும் ஃபிரேம்களைப் பெருக்கித் தரும் வசதியும்தான். இரண்டும் தங்களுக்கென்று தனியாக நினைவகம் பிடிப்பவை. இடமில்லாத கார்டில் அவற்றைப் போட்டால், பெருக்கித் தர வந்ததே காலை வாரிவிடும்.

ஆகவே என் பதில்: 16 ஜிபி. மானிட்டர் 1080பி என்பது இதை மாற்றவில்லை. பழைய பி450 போர்டும் 16 ஜிபி ரேமும் இதை இன்னும் உறுதியாக்குகின்றன. நிரம்பி வழிந்தால் போகும் வழியும் குறுகல், போய்ச் சேரும் ஸ்டோர் ரூமிலும் ஏற்கெனவே விண்டோஸும் பிரவுசரும் உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் ஊர்க் கடையில் இரண்டு கார்டுகளுக்கும் உள்ள விலை வித்தியாசம் 8 ஜிபி விலையில் நாலில் ஒரு பங்கைத் தாண்டினால் மட்டும் மறுபடி யோசியுங்கள். அப்போது 8 ஜிபியை வாங்கி, டெக்ஸ்சரை உச்சத்துக்கு ஒரு படி கீழே வைத்து, விளையாடும்போது பிரவுசரை மூடிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அது ஒன்றும் பாவமில்லை. ஏற்கெனவே 8 ஜிபி கார்டு வைத்திருக்கும் உங்கள் நண்பர்களும் அதை இதற்காக விற்க வேண்டாம்.

லேப்டாப் வாங்கப்போகும் நண்பர் இருந்தால் ஒரு வார்த்தை: பெயரை நம்ப வேண்டாம். டெஸ்க்டாப்பில் 5070 என்றால் 12 ஜிபி. லேப்டாப்பில் அதே 5070-க்கு 8 ஜிபி. லேப்டாப்பில் பிறகு மாற்றவும் முடியாது. பழைய கார்டு வாங்குபவர்கள் ஜிபியு-இசட் என்ற இலவசக் கருவியை ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. காலாவதியான சிப்பின் பயாஸை (கார்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி எழுதி, புதிய பெயரும் கூடுதல் ஜிபியும் காட்ட வைக்கும் மோசடி உண்டு. அந்தக் கருவி பெரும்பாலும் போலி என்று காட்டிக்கொடுத்துவிடும்.

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை. உங்கள் 1650-க்கு 75 வாட் போதும். பல மாடல்கள் ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், தனிக் கம்பியே கிடையாது. 5060 டிஐ 180 வாட் கார்டு. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்-இலிருந்து வரும் கம்பிகளில் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் முனை ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதற்குத்தான் பணம் ஒதுக்க வேண்டும்.